சிலிம் ரிவர் வழியாகப் போன குருத்தெலும்பு

எழுபதுகளின் கடைசியில் எனக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தபோது, அது என்ன வேலை என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் எப்படிச் சொல்வதென்று அம்மாவுக்குத் தெரியவில்லை. உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டை மெழுகில் பதிக்க வேண்டும். அதைக் காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவ வேண்டும். கண்ணாடிச் சில்லில் ஒட்டி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்க்கும் டாக்டரின் மேசைக்கு அனுப்ப வேண்டும். அம்மா இதையெல்லாம் விட்டுவிட்டு, "ஆஸ்பத்திரியில இருக்கா" என்று முடித்துக்கொள்வார். வந்தவர்கள் என்னை மிஸ்ஸி, அதாவது தாதி, என்று நினைத்துக்கொண்டு காய்ச்சலுக்கு என்ன மாத்திரை போடலாம் என்று கேட்பார்கள். அதற்கு அப்பாதான் பதில் சொல்வார்.

அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் டிரெசராக இருந்தவர். டாக்டர் எப்போதாவது காரில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் காயத்துக்குக் கட்டுப் போடுவதும், மலேரியாவுக்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பதும், யார் வேலைக்குப் போகலாம், யார் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், படுத்திருக்கலாம் என்று சீட்டு எழுதுவதும் அப்பாதான். அந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது அவர் ஓய்வு பெற்றார். நாங்கள் ஈப்போவுக்கு வந்து சிலிபினில் வீடு பார்த்துக்கொண்டோம். தேவாலயத்துக்கு நடந்தே போகலாம், என் வேலைக்கு ஒரே பஸ். அது போதுமாக இருந்தது.

எண்பதுகளின் நடுவில் எங்கள் மருத்துவமனைக்கு ஒரு புது எலும்பு டாக்டர் வந்தார். வெளிநாட்டில் படித்த சீனர், இளம் வயது. தேய்ந்துபோன இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைப்பதில் கெட்டிக்காரர். இடுப்புத் தேய்மானம் நம் பக்கத்தில் அவ்வளவு அதிகமில்லை. முழங்கால் தேய்ந்தவர்கள்தான் வரிசையில் நிற்பார்கள். அதனால் ஓர் இடுப்பு வந்தாலே அவருக்குக் குஷிதான்.

ஒருநாள் அவர் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கே வந்து, கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் தனக்குத் தெரிந்த பெண் ஆராய்ச்சியாளர் ஒருவர் இருப்பதாகவும், இடுப்புத் தேய்மானம் உள்ளவர்களின் குருத்தெலும்பு அவருக்கு வேண்டும் என்றும் சொன்னார். அறுவை முடிந்த கையோடு, உயிரணுக்கள் சாவதற்குள் அது அங்கே போய்ச் சேர வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் போனால் நல்லது. அடுத்து அறுவை செய்யப்போகும் நோயாளியிடம் முதலில் சம்மதம் கேட்க வேண்டும், அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், நீ கேட்க முடியுமா என்றார். எதற்குத் தேவை என்று நானும் கேட்டேன். "ஜீன் எக்ஸ்பிரஷன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குப் புரிந்த மாதிரி தலையை ஆட்டி வைத்தேன்.

அந்த அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். தோட்டம் கைமாறிய பிறகு மகனோடு சிலிபினுக்கே வந்துவிட்டவர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார் என்றாலும் அதுவரை நான் பார்த்ததில்லை. வார்டில் கட்டிலின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரருக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நாளன்னிக்கி ஒங்களுக்கு ஆப்பரேஷன். தேஞ்சு போன எலும்ப எடுத்துட்டு இரும்பு வைப்பாங்க."

"இரும்பா? துரு புடிக்காதா மிஸ்ஸி?"

"அது துரு புடிக்காத இரும்பு. நான் கேக்க வந்தது வேற. ஒங்ககிட்டேருந்து எடுக்கற எலும்ப வழக்கமா எரிச்சிருவாங்க. இந்தத் தடவ கோலாலம்பூர்ல ஒரு டாக்டரம்மா அத ஆராய்ச்சி பண்ணணும்னு கேக்கறாங்க. குடுக்க ஒங்களுக்குச் சம்மதமா?"

"என் எலும்புல ஆராய்ச்சி பண்ண என்னா இருக்கு?"

எனக்கே சரியாகத் தெரியாததைச் சொல்ல வேண்டியதாயிற்று. "எலும்பு முனையில வழுவழுன்னு ஒரு மூடி இருக்கும்லா, கோழிக்கால்ல வெள்ளையா இருக்குமே, குருத்தெலும்பு. அதுக்குள்ள உயிரணு இருக்கு. அது என்னா செஞ்சுகிட்டு இருக்குன்னு பாக்கணுமாம்."

அவர் ஆரஞ்சுச் சுளையைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். "சரி, கொண்டு போங்க. ஆனா பாத்துட்டு, அது என்னா செஞ்சுகிட்டு இருந்திச்சுன்னு என்கிட்ட வந்து சொல்லணும். நீங்களே வரணும். கடுதாசி போடாதீங்க, எனக்குப் படிக்கத் தெரியாது."

சரி என்றேன். உட்காரச் சொல்லி எனக்கும் ஓர் ஆரஞ்சு கொடுத்தார். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பிறந்த பிறகு ஆரம்பித்த வலியாம். மேட்டுக்காட்டில் மரம் வெட்டுவார். ஏறும்போது வலி தெரியாது, பால் வாளியோடு இறங்கும்போது இடது இடுப்பில் யாரோ ஆணி அடிப்பது போல இருக்குமாம். தோட்டத்து டிரெசரிடம் போனால் அவர் நிற்கச் சொல்லுவார், உட்காரச் சொல்லுவார், பிறகு தைலத்தைக் கொடுத்துவிட்டு, 'வேலைக்குப் போகலாம்' என்று எழுதிவிடுவார். காலைப் பெரட்டில், ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் களத்தில், இவர் நொண்டிக்கொண்டு வந்தால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எல்லோர் காதிலும் விழும்படி, "வந்திட்டா நடிகை" என்பாராம். அந்த மண்டோரின் குரலையும் டிரெசரின் மூக்குக் கண்ணாடியையும் அவர் நடித்துக் காட்டியபோது பக்கத்துக் கட்டில்காரர் சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

"ஒங்கப்பா என்னா வேல செஞ்சாரு மிஸ்ஸி?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "டிரெசரா இருந்தாரு. வேற தோட்டத்துல."

கட்டில் ஆடும்படி சிரித்தார். "அப்ப தைல வாசம் ஒங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும்."

அறுவை அன்று காலை எட்டரைக்கு ஆரம்பித்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் உதவியாளர் காரில் வந்து பெட்டியை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. ஒன்பது மணிக்குத் தொலைபேசி வந்தது. உதவியாளருக்குக் காய்ச்சல். எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீயே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்திரு."

பத்து மணிக்கு எலும்பு வெளியே வந்தது. தொடை எலும்பின் தலை அது. சின்னப் பந்து போல உருண்டையாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் சப்பையாகியிருந்தது. அந்தப் பக்கத்தில் குருத்தெலும்பே இல்லை. எலும்பும் எலும்பும் உராய்ந்து தந்தம் போலப் பளபளத்தது. சுற்றிலும் மட்டும் குருத்தெலும்பு மஞ்சள் நிறமாக, வெடிப்பு வெடிப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. இதை வைத்துக்கொண்டா அந்த அக்கா மேட்டுக்காட்டில் இறங்கினார் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் குருத்தெலும்பை மெல்லிய துண்டுகளாகச் சீவி, இளஞ்சிவப்புத் திரவம் இருந்த இரண்டு போத்தல்களில் போட்டார். உயிரணுக்களுக்கு அந்தத் திரவம்தான் சாப்பாடு. போத்தல்களை ஐஸ் கட்டிக்கு நடுவில் வைத்து, வெள்ளைப் பெட்டியை மூடி, பிளாஸ்டர் சுற்றினோம். ஐஸ் உருகவும் கூடாது, போத்தலுக்குள் இருப்பது உறையவும் கூடாது என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார்.

அப்போதெல்லாம் ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு நான்கு பேர் சேர்ந்தால்தான் டாக்ஸி புறப்படும். நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு மலாய் அம்மாவும் ஒரு சீனப் பெரியவரும் ஏற்கெனவே காத்திருந்தார்கள். டாக்ஸிக்காரர் தமிழர், பெரிய மீசை. காரின் மேல் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒடனே கெளம்பணும்."

"மூணு பேருதான் இருக்கீங்க தங்கச்சி. இன்னும் ஒரு ஆளு வரட்டும் லா."

"இந்தப் பெட்டியில இருக்கறது கெட்டுப் போயிரும்."

"என்னா அது, மீனா?"

"ஒருத்தரோட இடுப்பெலும்பு அண்ணே. உயிரோட இருக்காங்க அவங்க."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மிச்சத் தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். முன்பக்கக் கதவைத் திறந்து, "அப்ப நாலு பேரு ஆயிடிச்சு. ஏறுங்க" என்றார்.

பெட்டியை முன் சீட்டில் வைத்து பெல்ட்டும் போட்டுவிட்டார். நாங்கள் மூவரும் பின்னால் உட்கார்ந்தோம். கம்பார் தாண்டும் வரை எல்லோர் கண்ணும் முன் சீட்டில்தான் இருந்தது. பிறகு மலாய் அம்மாவுக்குத் தாங்கவில்லை. பெட்டியில் என்ன என்று மலாயில் கேட்டார். எலும்பு என்றேன். சூப்புக்கா என்றார். டாக்ஸிக்காரர் சிரித்த சிரிப்பில் கார் கொஞ்சம் ஆடியது. ஆளுடைய எலும்பு, ஆய்வுக்குப் போகிறது என்று விளக்கினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. செத்துப்போனவருடையதா என்று கேட்டார். இல்லை, ஈப்போவில் வார்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார், எழுந்ததும் நடக்கப் போகிறார் என்றேன். அவர் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, எந்தக் கால் என்று கேட்டார்.

நான் இடது என்றதும், அதுவரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த சீனப் பெரியவர் திரும்பினார். அவருக்கும் இடது பக்கம்தானாம். படி இறங்கும்போது வலிக்குமாம். வாத வாயு என்று சொல்லி யார் யாரோ பற்றுப் போட்டுவிட்டார்களாம். மலாய், ஆங்கிலம், நான்கைந்து தமிழ்ச் சொல் எல்லாம் கலந்து அவர் கேட்ட கேள்விகளுக்குத் தாப்பாவிலிருந்து சுங்கை வரை பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். எங்கள் டாக்டர் எந்த நாளில் நோயாளிகளைப் பார்ப்பார் என்பதை ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன்.

சிலிம் ரிவர் ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் காருக்குள் படார் என்று ஒரு சத்தம் கேட்டது. டாக்ஸிக்காரர் ஓரங்கட்டி, முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

"இஞ்சின் பெல்ட் அறுந்து போச்சு. நான் ஊருக்குள்ள போய் வாங்கிட்டு வாரேன். ஒரு மணி நேரம் ஆவும்." வந்த மோட்டார் சைக்கிள் ஒன்றை நிறுத்தி, பின்னால் ஏறிப் போய்விட்டார்.

மணி ஒன்றாகப் போகிறது. இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. அதற்கு முன்பு அங்கே ரப்பர் இருந்திருக்கும். நிழலுக்குச் சாலையோர பஸ் நிறுத்தக் கூரை ஒன்றுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்து, பிளாஸ்டரைப் பிரித்துப் பார்த்தேன். பாதி ஐஸ் தண்ணீராகியிருந்தது. எனக்கு அழுகை வரும்போல் ஆகிவிட்டது. எலும்பைக் கொடுத்தவர் சொன்ன ஒரே நிபந்தனை, பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்பது. இங்கேயே எல்லாம் கெட்டுப்போனால் போய் என்ன சொல்வது?

மலாய் அம்மா தன் குடையை விரித்தார். கூரையின் ஓரத்தால் வெயில் விழுந்த பக்கமாகப் பார்த்துப் பெட்டிக்கு மேலே பிடித்தார். அவர் முகத்தில் வெயில் அடித்தது. சாலைக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகத் தூரத்தில், ஒரு காப்பிக்கடையின் தகரக் கூரை தெரிந்தது. நான் எழுந்தேன். சீனப் பெரியவர் கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். "நீ பெட்டியப் பாத்துக்கோ" என்று மலாயில் சொல்லிவிட்டு அவரே நடந்தார். இடது காலை வெளிப்பக்கமாக வீசி வீசி அவர் போனதைப் பார்த்தபோது, ஒவ்வோர் அடிக்கும் அவருக்கு எங்கே வலிக்கும் என்று எனக்குத் தெரிந்தது. காலையில்தான் அந்த இடத்தைக் கையில் பிடித்துப் பார்த்திருந்தேன்.

திரும்பி வரும்போது பிஸ்கட் டின் ஒன்றில் ஐஸ் இருந்தது. பின்னாலேயே காப்பிக்கடைக்காரரும் ஒரு பிளாஸ்டிக் பையில் ஐஸ் எடுத்துக்கொண்டு, வேடிக்கை பார்க்க வந்தார். தண்ணீரை வடித்து, நான்கு பேருமாகப் போத்தல்களைச் சுற்றி ஐஸை அடுக்கினோம். போத்தலைத் தொட்டுப் பார்த்த மலாய் அம்மா, குளிர்ச்சியாக இருக்கிறது, நல்லா இருக்கு என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

டாக்ஸிக்காரர் சொன்னபடி ஒரு மணி நேரத்தில் வந்தார். தஞ்சோங் மாலிமுக்குப் பிறகு அவர் ஓட்டிய வேகத்தைப் பற்றி எழுதாமல் விடுவதே நல்லது. கோலாலம்பூர் நெருங்கியபோது, யாரை முதலில் இறக்கிவிடட்டும் என்று கேட்டார். சீனப் பெரியவரின் மகன் வீடுதான் வழியில் முதலில் வருவது. ஆனால் அவர், முதலில் எலும்பு என்றார். மலாய் அம்மாவும் அதையே சொன்னார். நாங்கள் பல்கலைக்கழக வாசலில் போய் நின்றபோது மணி நான்குக்கு ஐந்து நிமிடம்.

ஆராய்ச்சியாளர் வாசலிலேயே நின்றிருந்தார். நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. என் வயதுதான் இருக்கும், பாகான் செராய்க்காரர், இங்கிலாந்தில் படித்தவர், நம்முடைய தமிழ்தான் பேசினார். பெட்டியை வாங்கிக்கொண்டு ஓடினார். அரை மணி நேரம் கழித்து வந்து, "நல்லா இருக்கு, உயிரோடதான் இருக்கு" என்று சொல்லி எனக்கு ஒரு மைலோ கலக்கிக் கொடுத்தார். அப்போதுதான் கேட்டேன், அந்த ஜீன் எக்ஸ்பிரஷன் என்றால் என்னவென்று.

"ஒடம்புல எல்லா செல்லுக்குள்ளயும் ஒரே புத்தகந்தான் இருக்கு. கண்ணுல இருக்கற செல்லுலயும் அதேதான், இடுப்புல இருக்கற செல்லுலயும் அதேதான். எந்தப் பக்கத்தத் தொறந்து வெச்சிருக்குங்கறதுதான் வித்தியாசம். தொறந்த பக்கத்த நகல் எடுத்து வெளிய அனுப்பும். அத வெச்சுத்தான் செல்லு வேல செய்யும். நான் அந்த நகலத் தேடறேன். ரொம்ப சீக்கிரம் அழிஞ்சு போயிரும் அது. அதான் ஐஸ்."

"நோய் வந்த எலும்புல எந்தப் பக்கம் தொறந்திருக்கும்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் ஒங்கள இவ்வளவு தூரம் அலைய விடறேன்?"

இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு கனமான உறை வந்தது. எக்ஸ்ரே படம் போல ஒரு பிலிமின் நகல் அதில் இருந்தது. அதில் இரண்டு கறுப்புக் கோடுகள். குருத்தெலும்புக்கு உறுதி கொடுக்கும் நாரைச் செய்யச் சொல்லும் கட்டளையின் அளவு அது என்று கடிதத்தில் எழுதியிருந்தார். மங்கலான கோடு, கீழே விழுந்து எலும்பு முறிந்து வந்த ஒருவருடையது. அவருடைய குருத்தெலும்பில் நோய் இல்லை. கறுகறுவென்று தடித்து இருந்தது எங்கள் அக்காவுடையது. ஒரே ஓர் ஆளை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று அடியில் கோடு போட்டு எழுதியிருந்தார்.

அன்று சாயங்காலமே இரண்டு தெரு தாண்டிப் போனேன். அக்கா கைத்தடியோடு வாசலில் நடை பழகிக்கொண்டிருந்தார்.

"அது என்னா செஞ்சுகிட்டு இருந்திச்சு மிஸ்ஸி?"

"வேல செஞ்சுகிட்டு இருந்திச்சு அக்கா. நோய் இல்லாதவங்க எலும்புல இருக்கறத விட ஒங்களோடதுதான் நெறைய வேல செஞ்சிருக்கு. நார் செய்யி, நார் செய்யின்னு உள்ளுக்குள்ள ஆர்டர் போட்டுகிட்டே இருந்திருக்கு."

"சும்மா ஒக்காந்திருக்கல?"

"இல்ல."

"அப்புறம் ஏன் தேஞ்சு போச்சு?"

"செய்யற வேகத்த விட ஒடையற வேகம் ஜாஸ்தி. அப்படித்தான் டாக்டரம்மா நினைக்கறாங்க. இன்னும் நெறைய பேரோடத பாத்தாத்தான் சொல்ல முடியுமாம்."

அவர் பிலிம் நகலை வாங்கி, தடித்த கோட்டை விரலால் ஒரு முறை தடவினார். பிறகு உள்ளே பார்த்து மருமகளைக் கூப்பிட்டார். "இங்க வா. மிஸ்ஸி சொல்றதக் கேளு." நான் மறுபடியும் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்தார், அவருக்கும் ஒரு தடவை. மகன் வேலை முடிந்து வந்ததும் நாலாவது தடவை. "நடிகையாம் நடிகை" என்று சொல்லிக்கொண்டே அக்கா எல்லோருக்கும் காப்பி கலக்கச் சொன்னார்.

வீட்டில் சாப்பிடும்போது இதை அப்பாவிடம் சிரிப்பாகத்தான் சொன்னேன். டிரெசரின் மூக்குக் கண்ணாடியை அக்கா நடித்துக் காட்டியதையும் சேர்த்தே சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நொண்டிகிட்டு வந்தவங்கள நானும் அனுப்பியிருக்கேன்" என்றார். "எத்தனை பேருன்னு இப்ப ஞாபகம் இல்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பாமல், "அந்தம்மா வீடு எது?" என்று கேட்டார். கூட்டிக்கொண்டு போனேன். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அக்காவை நடந்து காட்டச் சொன்னார். அவர் கைத்தடி இல்லாமலே நடந்து காட்டினார்.

"அம்மா, அந்த டிரெசர் எடத்துல நான் இருந்திருந்தாலும் தைலந்தான் குடுத்திருப்பேன். எங்ககிட்ட எக்ஸ்ரே கிடையாது. ஆனா வேலைக்குப் போன்னு எழுதியிருக்கக் கூடாது. அத எழுதாம இருக்க எக்ஸ்ரே வேண்டியதில்ல."

அக்கா முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். "விடுங்க ஐயா. தைலம் நல்ல தைலந்தான். எங்க வீட்டுக்காரரு தலைவலிக்குப் பூசிக்கிட்டாரு."

அப்பா அப்போதுதான் சிரித்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பலகாரம் செய்தால் ஒரு தட்டு அங்கே போகும். அவர்கள் வீட்டுத் தீபாவளி முறுக்கு எங்களுக்கு வரும்.

ஆராய்ச்சியாளரிடம் இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னபோது, அந்த அக்காவை ஒருநாள் கூட்டிக்கொண்டு வாங்களேன் என்றார். அறுவை முடிந்து ஆறு மாதமாகியிருந்தது. எங்கள் டாக்டர் பயணம் செய்யலாம் என்று சொல்லிவிட்டார். அதே மீசைக்கார அண்ணனைத் தேடிப் பிடித்தேன். அக்கா, அவர் மருமகள், நான், அப்பா என்று நான்கு பேரும் சேர்ந்தே போனோம். வழியெல்லாம் டாக்ஸிக்காரர் தன் பங்குக்குக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் கதையில் ஐஸ் வாங்கி வந்தவரே அவர்தான். நான் திருத்தவில்லை.

ஆய்வுக்கூடத்தில் அக்காவின் குருத்தெலும்பிலிருந்து சீவிய ஒரு சில்லை நுண்ணோக்கியில் வைத்திருந்தார்கள். முதலில் அப்பா பார்த்தார். மலேரியாக் கிருமி பார்த்துப் பழகிய கண். ஒரே நொடியில் இடம் பிடித்துவிட்டார். "செல்லு எல்லாம் கூட்டம் கூட்டமா இருக்கே" என்றார். நோயில்லாத குருத்தெலும்பில் உயிரணுக்கள் தனித்தனியாக, விலகி விலகி இருக்கும், நோய் வந்ததும் பெருகி ஒரே குழிக்குள் நான்கைந்து சேர்ந்துவிடும் என்று ஆராய்ச்சியாளர் சொன்னார்.

அக்காவுக்கு ஒரு கண்ணை மட்டும் மூடத் தெரியவில்லை. இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"செவப்பா இருக்கே. ரத்தமா?"

"சாயம் அக்கா. நாங்க ஏத்தினது."

"ஒரு லயத்து வீட்டுல நாலு குடும்பத்த அடைச்ச மாதிரி இருக்கு." பிறகு நிமிர்ந்து, ஆராய்ச்சியாளரைப் பார்த்துக் கேட்டார். "இவ்வளவு வேல செஞ்சிருக்கே, இதுக்குக் கொஞ்ச நாளு ஓய்வு குடுத்திருந்தா பொழைச்சிருக்குமா? நான் மேட்டுக்காட்டுக்குப் போகாம இருந்திருந்தா?"

அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல அக்கா" என்றார் ஆராய்ச்சியாளர். "ஒங்களுக்குச் சின்னப் புள்ளையிலேயே இடுப்புக் குழி கொஞ்சம் ஆழமில்லாம இருந்திருக்கு. எக்ஸ்ரேயில தெரியுது. ஓய்வு குடுத்திருந்தா வலி கொறைஞ்சிருக்கும். தேயாம இருந்திருக்குமான்னு எனக்குச் சொல்லத் தெரியல. எங்க யாருக்குமே இன்னும் தெரியாது."

"அப்ப தேடுங்க லா" என்றார் அக்கா, கோபம் எதுவும் இல்லாமல். ஆராய்ச்சியாளர் அந்தக் கேள்வியைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். தமிழிலேயே எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன்.

திரும்பும் வழியில் பீடோரில் நிறுத்திச் சாப்பிட்டோம். அக்கா கொய்யாப்பழம் பை நிறைய வாங்கினார். அடுத்த வாரத்திலிருந்து எங்கள் மருத்துவமனைக்கு எனக்குத் தெரியாமல் ஒரு ஆள் சேர்ந்துவிட்டது. பார்வையாளர் நேரத்தில் அக்கா எலும்பு வார்டுக்கு வருவார். இடுப்பு அறுவைக்குக் காத்திருப்பவர் யார் என்று விசாரிப்பார். அவர் முன்னால் நடந்து காட்டுவார், பிறகு, "அந்த எலும்ப எரிக்க வுடாதீங்க, மிஸ்ஸிகிட்ட குடுங்க" என்பார். நான் சம்மதம் கேட்கப் போகும்போது பாதிப் பேர், "அந்த நடக்கற அம்மா சொல்லிட்டாங்க" என்றார்கள். சம்மதிக்காதவர்களும் உண்டு. அவர்களை வற்புறுத்தக் கூடாது என்று அக்காவிடம் நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வருடம் வந்த இடுப்புகளில் சிலிம் ரிவரில் ஐஸ் வாங்கிவந்த சீனப் பெரியவருடையதும் ஒன்று. நான் எழுதிக் கொடுத்த தாளை மடித்து வைத்திருந்து, அதைக் காட்டித்தான் உள்ளே வந்தார். அவர் குருத்தெலும்புக்கு மட்டும் பல்கலைக்கழகத்திலிருந்தே கார் வந்தது.

இப்படி ஏழெட்டுப் பெட்டிகள் போன பிறகு ஆராய்ச்சியாளர் எங்கள் தலைவருக்குக் கடிதம் எழுதி, என்னை மூன்று மாதம் தன்னிடம் அனுப்பச் சொல்லிக் கேட்டார். அம்மாவுக்குக் கொஞ்சம் பயம். அப்பாதான் பெட்டியைக் கட்டிக் கொடுத்தார். கோலாலம்பூரில் ஒரு கன்னியர் விடுதியில் தங்கி, தினமும் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். குருத்தெலும்பை அரைத்து, அதற்குள் இருக்கும் அந்த நகலை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்கக் கற்றுக்கொண்டேன். கல் மாதிரி இருக்கும் அந்தத் திசுவை அரைப்பதற்குள் தோள் கழன்றுவிடும். அதில் இருக்கும் உயிரணுக்களும் கொஞ்சம்தான், கிடைப்பதும் கொஞ்சம்தான்.

முதன்முதலாக எல்லாவற்றையும் நானே தனியாகச் செய்து, பிலிமை இருட்டறையில் கழுவினேன். எடுத்துப் பார்த்தால் எதுவும் இல்லை. கண்ணாடி ஜன்னல் மாதிரி இருந்தது. மூன்று வாரத்து வேலை. அதை ஆராய்ச்சியாளர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

"கையுறை போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தேன் டாக்டர்." யோசித்துப் பார்த்தேன். "நடுவுல மூக்கு அரிச்சிச்சு. கழட்டிட்டுச் சொறிஞ்சேன். அப்புறம் மூடியத் தொட்டுட்டேன்."

மனிதத் தோலில் எப்போதும் இருக்கும் ஒன்று அந்த நகலை நொடியில் தின்றுவிடும் என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். மேசை இழுப்பறையைத் திறந்து தடித்த உறை ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே வெறும் பிலிம்கள், ஒன்றிரண்டு இல்லை, ஒரு கட்டு. எல்லாம் இங்கிலாந்தில் படித்தபோது அவர் கெடுத்தவை. என்னுடையதையும் அதில் செருகி வைத்தார்.

"சாப்பிட்டுட்டு வந்து மறுபடி ஆரம்பிக்கலாம்" என்றார்.

அடுத்த மாதம் இரண்டாவது பிலிமில் ஒரு கோடு வந்தது. சாம்பல் நிறத்தில், கொஞ்சம் கோணலாக. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்த அவர், இது போதும் என்றார். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகிற வழியில், விடுதித் தொலைபேசியிலிருந்து சிலிபினுக்குப் பேசினேன். அப்பாதான் எடுத்தார். கோடு வந்திருச்சு என்றேன். எவ்வளவு கறுப்பு என்று கேட்டார்.